கம்பளி வாங்கும் வயது

விரிவுரையாளர் கேட்டு முடிப்பதற்குள் வகுப்பு முழுக்கக் கை தூக்கிவிட்டது. உடற்குறை உள்ள பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார வைத்துப் படிக்க வைக்கலாமா என்பது கேள்வி. எண்பதுகளின் தொடக்கம் அது. கோலாலம்பூரில் ஆசிரியர் படிப்பில் நான் இரண்டாம் ஆண்டு. கை தூக்காதவள் நான் ஒருத்திதான். மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனவளும் அந்த வகுப்பில் நான் ஒருத்திதான். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எழுந்து நன்றி சொல்வேன் என்று காத்திருந்தார்கள் போலிருக்கிறது.

ஏன் தூக்கவில்லை என்று விரிவுரையாளர் கேட்டார். கை தூக்குவது சுலபம் சார், வலித்தால் இறக்கிவிடலாம் என்றேன். சிலர் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம் என்று என் அறைத்தோழி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறவிக் குணமெல்லாம் கிடையாது, பட்டுப் பட்டு வந்தது. கேமரன் மலையில், பிரிஞ்சாங்குக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கிடக்கும் லயத்தில் வளர்ந்தவள் நான். அம்மா கொழுந்து எடுத்தாள், அப்பாவுக்கு ஆலையில் வேலை. எழுபதுகளில் தானா ராத்தாவுக்கு இடைநிலைப் பள்ளி போய்வந்த காலத்தில், பஸ்ஸில் எனக்கு எழுந்து இடம் கொடுப்பவர்கள் தவறாமல் "கெசியான்லா" என்பார்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாருக்கும் பொதுவான 'ஐயோ பாவம்' அது. சொன்ன வாய் மூடுவதற்குள், இதுக்கெல்லாம் கல்யாணம் எங்கே ஆகப் போகிறது என்று பக்கத்தில் நிற்பவரிடம் என் காதுபடவே பேசுவார்கள். கால்தான் சூம்பியது, காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து, யாராவது இனிக்க இனிக்கப் பேசினால் அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்ப்பேன். பெரும்பாலும் ஏதாவது வரும்.

அந்த ஆண்டுக் கடைசியில் எங்கள் தமிழ் மாணவர்கள் ஒரு தோட்டத்துப் பள்ளியில் தங்கி, விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதாகப் பேச்சு வந்தது. எங்கள் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் எங்களுக்கு ஓராண்டு மூத்தவர், நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நன்றாகப் பேசுவார். அவர் நேராக என்னிடம் வந்து, "உங்க தோட்டத்துக்கே போலாமே, நமக்குத் தெரிஞ்ச இடமாவும் இருக்கும்" என்றார். அவருக்கு எப்படித் தெரிந்த இடம் என்று நான் யோசித்தேன். ஏழைகள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். குளிரும் கியா பார்ம் சந்தை ஸ்ட்ராபெரியும் எங்கள் மலையில்தான் இருக்கின்றன.

ஆனாலும் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அப்பா ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டார், கிராணி தோட்டத்து மேனேஜரான துரையிடம் கேட்டார், அனுமதி வந்தது. தாப்பாவிலிருந்து மேலே ஏறும் பஸ்ஸில் வளைவுக்கு ஒருவராக எல்லாரும் வாந்தி எடுத்தார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கச்சான் கடலை கொறித்துக்கொண்டு வந்தேன். மேலே போய்ச் சேரும்வரை ஒருவருக்கும் என் கால்மேல் இரக்கம் வரவில்லை. எனக்கு அந்தப் பயணம் மிகவும் பிடித்திருந்தது.

வந்தவர்களைத் தோட்டம் ஓரக்கண்ணால்தான் பார்த்தது. கேள்வி கேட்க வருகிற வெளியாட்களை எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது. குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பலர், வேலைக்கு உத்தரவு கிடைக்காமல் பெட்டி கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறியதைப் பார்த்த லயம் அது. எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், "இருக்குதுங்க, ஆண்டவன் குடுத்தது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள். என் சந்தேகத்துக்கு நான் வேறெங்கும் போய்ப் பாடம் படிக்க வேண்டியிருந்ததில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரே மகள். எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பிறக்கும்போது மூச்சு முட்டி, கைகால் ஒரு நிலையில் நிற்காது. பேச்சு குழறும், கொஞ்சம் பழகினால் புரியும். அக்கா கொழுந்துக்குப் போகும் நேரத்தில் பாப்பா ஆயாக் கொட்டகையில் இருப்பாள். வேலைக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அவள் வயதுப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்க, அவள் மட்டும் தொட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

நாங்கள் போன டிசம்பரில் அக்காவுக்கு நெருக்கடி முற்றியிருந்தது. பள்ளி வயது வந்த பிள்ளையை இனிமேல் வைத்துக்கொள்ள முடியாது என்று ஆயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்திலோ, பெரிய வாத்தியார், "அடுத்த வருசம் பாக்கலாம்" என்று போன வருடமே சொல்லியிருந்தார். ஜனவரியில் பள்ளி அவளைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் அக்காவுக்கு ஒரே வழிதான் இருந்தது. காலையில் பாப்பாவை வீட்டுக்குள் விட்டு, வெளியே பூட்டிவிட்டு மலைக்குப் போக வேண்டும்.

"கொண்டி வாங்கி வச்சிட்டேன் தங்கச்சி" என்று என்னிடம் சொன்னாள். "இன்னும் கதவுல அடிக்கல. அடிக்க மனசு வரமாட்டேங்குது."

பாடங்கள் தொடங்கின. அக்கா பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். என் நண்பர்கள் பாப்பாவைக் கண்டதும் உருகிப்போனார்கள். மற்றப் பிள்ளைகள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, இவளுக்கென்று கைவைத்த நாற்காலி ஒன்று எங்கிருந்தோ வந்தது. அதைக் கதவுப் பக்கம் போட்டார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். "பாத்தியா, நாம இவளையும் சேத்துக்கிட்டோம்" என்றார் அண்ணன் என்னிடம். நான் நாற்காலிக்கும் பெஞ்சுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் அறைத்தோழி. மற்றவர்கள் தப்பாகச் சொன்னால் திருத்துவாள், மறுபடி கேட்டால் அதட்டுவாள். பாப்பாவிடம் மட்டும் குனிந்து, குரலை இழுத்து, கைக்குழந்தையிடம் பேசுவது போலக் கேட்பாள். இரண்டும் மூன்றும் எத்தனை என்று கேட்டாள். பாப்பா அஞ்சு என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். மறுநாள் அதையே கேட்டபோது பாப்பா ஒன்பது என்றாள். அப்போதும் கைதட்டினார்கள். பாப்பா கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லியிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. இந்தக் கைதட்டல் எதற்கு என்று அவளும் சோதித்துப் பார்த்திருக்கிறாள். எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டாள் என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டேன்.

அன்று மத்தியானம் நான் அறைத்தோழியிடம், தப்பென்றால் தப்பு என்று சொல்லேன் என்றேன்.

"ஏன்? அவ மனசு கஷ்டப்படாதா? அந்தப் பிள்ளைகிட்ட போயி எப்படி..." என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, உண்மையாகவே கலங்கியது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பொய்யான இரக்கமாக இருந்தால் சண்டை போடலாம். மெய்யான இரக்கத்திடம் என்ன சண்டை போடுவது?

அக்கா ஒரு நாள் வேலை முடிந்து, தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அண்ணனிடம் கையைக் கட்டிக்கொண்டு பேசினாள். "தம்பி, நீங்கல்லாம் பெரிய படிப்பு படிச்சவங்க. பெரிய வாத்தியாருகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு. ஜனவரியில சேத்துக்கச் சொல்லுங்க."

"கவலைப்படாதீங்க அக்கா. கடைசி நாள் நிகழ்ச்சிக்கு அவரும் வர்றாரு, சின்ன துரையும் வர்றாரு. அன்னைக்கு எல்லாரு முன்னாடியும் நாங்க பேசுறோம்" என்றார் அண்ணன். அக்கா கும்பிட்டாள். எல்லார் முன்னாடியும் எதற்கு, தனியாகப் பேசினால் ஆகாதா என்று எனக்கு உறுத்தியது.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள், பிரிஞ்சாங் டவுனுக்குப் போய்வந்த அண்ணன் ஒரு பெரிய பொட்டலத்தை மேசையில் வைத்தார். பாப்பாவுக்கு மேடையில் கொடுக்க எல்லாரும் சேர்ந்து வாங்கியதாம். பிரித்துக் காட்டினார். நல்ல கனமான சிவப்புக் கம்பளி.

எங்கள் தோட்டத்தில் கம்பளிக்கு ஒரு முறை உண்டு. வயதாகியோ உடம்பு முடியாமலோ வேலையிலிருந்து நிற்பவர்களுக்கு ஆபீசிலிருந்து ஒரு கம்பளி கொடுப்பார்கள். காலையில் ஆட்கள் கூடிப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில், எல்லாருக்கும் முன்னால் துரை அதைத் தோளில் போர்த்திவிடுவார். மறுநாளிலிருந்து கங்காணி அந்த ஆளின் பேரைக் கூப்பிட மாட்டார். ஆலையில் உருளை எந்திரத்தில் விரல்கள் போன ஒருவருக்கு முப்பது வயதிலேயே போர்த்தினார்கள். அவர் அதன் பிறகு பகல் முழுக்க லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அதனால் எங்களில் யாரும், எவ்வளவு குளிரானாலும், ஒருவர் தோளில் இன்னொருவர் கம்பளி போர்த்துவதில்லை. கையில் கொடுப்போம், அவரவர் போர்த்திக்கொள்வோம்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். பெரிய வாத்தியார் எங்கள் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், அவருக்கும் இது தெரியும், மேடையில் பாப்பாவுக்குப் போர்த்தினால் அவளுடைய பள்ளிக்கூட ஆசை அதோடு முடிந்தது என்று சொன்னேன்.

"ஒரு கம்பளியில இவ்வளவு இருக்கா?" என்றார் அவர். அறைத்தோழி சிரித்தாள். "உனக்கு யாரு நல்லது செஞ்சாலும் அதுல ஒரு குத்தம் இருக்கணும். குளிருக்குத்தானே குடுக்குறோம்!"

நான் விடவில்லை. கடைசியில் அண்ணன், "சரிம்மா, வேற ஏதாவது பாத்துக்குறோம்" என்றார். முகத்தைப் பார்த்தேன். உண்மையாகத்தான் சொல்கிறார் என்று தோன்றியது. அதனால் அக்காவிடம் போய் எதையும் கிளறாமல் விட்டுவிட்டேன். வாழ்க்கையில் ஒரு தடவை ஒரு மனிதரை நம்பிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் பள்ளித் திடலில் தோட்டமே கூடியிருந்தது. மலைப்பக்கமிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் சின்ன துரை, அவர் பக்கத்தில் கிராணி, அதற்கடுத்து பெரிய வாத்தியார். பிள்ளைகள் பாடினார்கள், ஆடினார்கள். பாப்பா எதிலும் இல்லை. பிறகு அண்ணன் ஒலிவாங்கியைப் பிடித்தார். குறையுள்ள பிள்ளைகளை நாம் ஒதுக்கக் கூடாது, அவர்களும் நம் பிள்ளைகளே என்று அருமையாகப் பேசினார். பேச்சில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பள்ளிக்கூடம் என்ற சொல் மட்டும் எப்போது வரும் என்று காத்திருந்தேன். அது வருவதற்கு முன் பாப்பாவைக் கூப்பிட்டார்.

அக்கா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடைக்கு ஏறினாள். நல்ல சேலை கட்டியிருந்தாள், பாப்பாவுக்கு ரெட்டைச் சடை போட்டிருந்தாள். அந்தக் கைவைத்த நாற்காலியில் பாப்பாவை உட்கார வைத்தார்கள். என் அறைத்தோழி உள்ளேயிருந்து சிவப்புக் கம்பளியைக் கொண்டுவந்தாள். அண்ணன் அதை விரித்துப் பாப்பாவின் தோளைச் சுற்றிப் போர்த்தினார். துரை போர்த்துகிற மாதிரியே, வலப்பக்கத்து முனையை இழுத்து நெஞ்சில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். அவருக்கு அது யார் சொல்லிக்கொடுத்ததோ தெரியாது.

ஒருவர்கூடக் கைதட்டவில்லை. பெண்கள் பக்கமிருந்து "த்சொ" என்று ஒரு சத்தம் வந்தது. "அவ்ளோதான், முடிச்சிட்டாங்க" என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். பெரிய வாத்தியாரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதை நான் தப்பாகப் பார்த்திருக்க முடியாது, அந்த நிம்மதியை எத்தனையோ முகங்களில் பார்த்துப் பழகியவள் நான். அண்ணன் மேடையில் ஒன்றும் புரியாமல், கைதட்டலுக்காகக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்த நேரம் அவரை அடித்திருப்பேன்.

அக்கா குனிந்து, மகள் தோளிலிருந்து கம்பளியை எடுத்தாள். அவசரமே இல்லாமல் நாலாக மடித்து, நாற்காலிக் கையில் வைத்தாள். மேடை நுனிக்கு வந்து பெரிய வாத்தியாரைப் பார்த்துக் கேட்டாள்.

"சார், எம்பிள்ள இன்னும் எதையுமே ஆரம்பிக்கலையே. அதுக்குள்ள ஏன் சார் கம்பளி?"

அண்ணன் கையிலிருந்த ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் அது திடல் முழுக்கக் கேட்டது. சின்ன துரை, என்ன சொல்கிறாள் என்று கிராணியிடம் குனிந்து கேட்டார். கிராணி மலாயில் மெதுவாகச் சொன்னார். கேட்டுவிட்டுச் சின்ன துரை பெரிய வாத்தியார் பக்கம் திரும்பினார். திடலில் இருந்த எல்லாத் தலையும் அதே பக்கம் திரும்பியது.

பெரிய வாத்தியார் எழுந்தார். "யாரு இப்ப வேணாம்னு சொன்னது? ஜனவரியில கூட்டிட்டு வா" என்றார்.

"வர்றேன் சார்" என்றாள் அக்கா. பிறகு அண்ணனிடம் திரும்பி, "கோச்சுக்காதீங்க தம்பி, நல்ல கம்பளிதான்" என்று சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கைதட்டல் அப்போதுதான் வந்தது.

மறுநாள் கீழே இறங்குகிற பஸ்ஸில் யாரும் என்னோடு பேசவில்லை. பாதி வழியில் அண்ணன் என் இருக்கைக்கு வந்தார். கடைசி நேரத்தில் வேறு எதுவும் வாங்க முடியாமல் போனதாகச் சொன்னார். அதற்கு மேல் ஒரு கேள்வியும் வைத்திருந்தார்.

"நீதானே அந்த அக்காவுக்குச் சொல்லிக் குடுத்த?"

இல்லை என்றேன்.

"சும்மா சொல்லாத. அவங்களுக்கு எப்படி அப்படிக் கேக்கத் தோணும்?"

மற்றவர்களும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லிக்கொடுத்தேன் என்று கடைசிவரை அவர்கள் நம்பினார்கள். சந்தேகப்பட அவர்களுக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. யார்மீது படுவது என்பதில்தான் எங்களுக்குள் வித்தியாசம். விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கியதும், தோட்டத்தில் ஒரு குறையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வைத்த கதையை அண்ணன் விரிவுரையாளரிடம் சொன்னாராம். அதில் அக்கா வரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போனேன். பாப்பா பள்ளிக்குப் போகிறாள் என்று அம்மா சொன்னாள். எனக்கு அது போதவில்லை. சேர்ப்பது வேறு, மூலையில் போட்டு வைப்பது வேறு. எந்த மூலையில் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் எனக்குப் பொங்கல் இறங்காது. பொங்கல் முடிந்த மறுநாள், சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்கூடத்துக்குப் போய், முதல் வகுப்பின் ஜன்னலோரம் நின்று உள்ளே பார்த்தேன்.

கதவுப் பக்கம் தேடினேன், இல்லை. கடைசியில் தேடினேன், இல்லை. நடுப் பெஞ்சில், இரண்டு பிள்ளைகளுக்கு இடையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயாமல் இருக்க, அந்தப் பக்கத்துப் பிள்ளையின் சட்டையைப் பிடித்திருந்தாள். மூன்றும் எதையோ குசுகுசுவென்று பேசிச் சிரித்தன. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த பெரிய வாத்தியார் சடாரென்று திரும்பினார்.

"யாருடா அது? நடுப் பெஞ்சு, மூணு பேரும் காதப் பிடி!"

இரண்டு பிள்ளைகள் உடனே பிடித்தன. பாப்பாவுக்கு ஒரு கை காதுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு கை வழியில் அலைந்துகொண்டிருந்தது. வாத்தியார் விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"ஒனக்கு வேறயா சொல்லணும்? வாயாடி! ஒன் சத்தம்தான் இங்க வரைக்கும் கேக்குது. ரெண்டு கையாலயும் பிடி. நான் நிக்கிறேன், மெதுவா பிடி."

அவர் நின்றார். வகுப்பும் காத்திருந்தது. பாப்பா முகம் சிவக்க, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் கையையும் கொண்டுபோய்க் காதைப் பிடித்தாள். வாத்தியார் "ம்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்பிக்கொண்டார்.

அதே பள்ளியில் ஆறு வருடம் படித்தவள் நான். பேசியிருக்கிறேன், வீட்டுப்பாடம் எழுதாமல் போயிருக்கிறேன், ஒரு தடவை பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டை வேண்டுமென்றே உடைத்தேன். ஒரு வாத்தியாரும் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. பெஞ்சே காதைப் பிடித்து நிற்கும்போது நான் மட்டும் நடுவில் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு அழுகை முட்டியது. சந்தோஷம் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். மீதி அத்தனையும் பொறாமை.

பெரிய வாத்தியார் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் வந்தார். "என்னம்மா, நடக்க முடியாம இவ்வளவு தூரம் வந்துருக்க, ஏதாச்சும் வேணுமா?" என்று மெல்லிய குரலில் கேட்டார்.

ஒன்றும் வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.